பக்கத்து வீட்டு வாசலில் குழந்தை: சிங்கப்பூர், மலேசியப் பெற்றோருக்கான இங்கித வழிகாட்டி

மலாய்க் குடும்பம் ஒரு பக்கம், சீனக் குடும்பம் மறு பக்கம் என்று வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எழுதியது இது. 3 முதல் 8 வயது வரையுள்ள குழந்தையை நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போவது எப்படி, அவர்கள் நம் வீட்டுக்கு வரும்போது குழந்தையை எப்படிப் பழக்கி வைப்பது என்பதுதான் விஷயம்.

பெரும்பாலான வீடுகளில் வாசல் மணி அடித்த பிறகுதான் பாடம் தொடங்குகிறது. "சலாம் கொடு", "தேங்க்யூ சொல்லு", "ரெண்டு கையால வாங்கு" என்று மூன்று கட்டளைகள் ஒரே மூச்சில் வரும். குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். குறை குழந்தையிடம் இல்லை, வரிசையில் இருக்கிறது. முதலில் கவனிக்கப் பழக்க வேண்டும், அடுத்து கைக்குப் பழக்கம், அதற்கடுத்து சொல், கடைசியில்தான் விருந்து.

1. குழந்தைக்கு முன் பெரியவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியவை

அடம்பிடிக்கும் குழந்தையை அடக்க "அந்த பாய் பிடிச்சிட்டுப் போயிடுவாரு", "சீனன் தூக்கிட்டுப் போயிடுவான்" என்று மிரட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இதை இன்றே நிறுத்துங்கள். யாரைக் காட்டிப் பயமுறுத்தினோமோ அவர் வீட்டுக்கே பெருநாளன்று கூட்டிப்போய்க் கையை முத்தமிடச் சொன்னால் குழந்தை எப்படிச் செய்யும்?

"வெயில்ல விளையாடாதே, கறுத்துப் போயிடுவே" என்பதும் இதே கணக்குத்தான். கறுப்பு குறை என்று வீட்டில் கற்றுக்கொண்ட குழந்தை அதைத் தன் மேலும் போட்டுக்கொள்ளும், பாலர் பள்ளியில் இன்னொரு குழந்தையின் மேலும் போடும். தாத்தா பாட்டிதான் அப்படிச் சொல்கிறார்கள் என்றால், குழந்தை தூங்கிய பிறகு தனியாக எடுத்துச் சொல்லுங்கள். குழந்தையின் முன்னால் அவர்களைத் திருத்தினால், மரியாதைப் பாடம் அங்கேயே கெட்டுவிடும்.

மூன்றாவது, வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்ணையும் கீழ்த்தளத்தைத் துப்புரவு செய்பவரையும் எப்படி அழைக்கிறீர்கள் என்பது. அண்டை வீட்டாருக்கு 'ங்க', வேலை செய்பவருக்கு 'டி' என்றிருந்தால், மரியாதை என்பது ஆளைப் பார்த்துக் கொடுப்பது என்று குழந்தை முடிவு செய்துவிடும். நாம் வாயால் சொல்லிக்கொடுக்கும் எல்லாவற்றையும் விட அது ஆழமாகப் பதியும்.

2. எந்த வயதில் எது எட்டும்

உதவும் மனம் வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது. பெரியவர் கைதவறிப் போட்ட பொருளை 18 மாதக் குழந்தைகளே யாரும் சொல்லாமல் எடுத்துக் கொடுப்பதை பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமாசெல்லோ இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அவர்களே 2008-இல் இன்னொன்றையும் கண்டார்கள்: உதவியதற்குப் பொம்மைப் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றக் குழந்தைகளை விடக் குறைவாகவே உதவின. ஆகவே நல்ல நடத்தைக்கு ஸ்டிக்கர், சாக்லேட் என்று கணக்கு வைக்காதீர்கள். நடந்ததைச் சொன்னால் போதும்: "நீ செருப்பை ஓரமா வச்சதால அந்தப் பாட்டி தடுக்காம நடந்து போனாங்க."

அடுத்தவர் மனத்தில் நம்முடையதிலிருந்து வேறான எண்ணம் இருக்கக்கூடும் என்பது ஏறக்குறைய நான்கு வயதை ஒட்டித்தான் பிடிபடத் தொடங்கும். அதனால் மூன்று வயதுக் குழந்தையிடம் "அவங்க மனசு என்ன பாடுபடும்?" என்று கேட்பதில் பலன் குறைவு. அந்த வயதுக்குச் செய்து காட்டுவதே போதும். ஐந்து வயதுக்கு மேல் காரணத்தைச் சொல்லலாம். ஏழு, எட்டு வயதில் "ஏன் அவங்க வீட்டுல அப்படி, நம்ம வீட்டுல இப்படி?" என்று குழந்தையே கேட்கும். மூத்தவளுக்குச் சொல்லும் காரணத்தைத் தம்பிக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அவன் கேட்கவில்லையே என்று கோபப்படுவது அடிக்கடி நடக்கும் தவறு.

3. முதல் பாடம்: வாயைத் திறக்கும் முன் பார்ப்பது

சொல்லையும் சைகையையும் கற்றுக்கொடுக்கும் முன், ஒரு வீட்டுக்குள் நுழையும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று பழக்குங்கள். மூன்றே கேள்விகள்.

செருப்பு எங்கே கிடக்கிறது? வீட்டில் மூத்தவர் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார்? இந்த வீட்டுப் பிள்ளை இப்போது என்ன செய்கிறான்?

மூன்றாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். ஒவ்வொரு பண்பாட்டின் விதியையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யக் குழந்தையால் முடியாது, பெரியவர்களாலேயே முடிவதில்லை. தன் வயதுப் பிள்ளையைப் பார்த்து அதன்படி செய்யத் தெரிந்த குழந்தை எந்த வீட்டிலும் தட்டுத்தடுமாறாது. அந்தப் பிள்ளை பாட்டியைக் கூப்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், நாமும் கூப்பிட்டுவிட்டு உட்கார வேண்டும் என்று அதற்கே புரிந்துவிடும்.

இதற்குப் பயிற்சிக்களம் மின்தூக்கியும் உணவங்காடி நிலையமும். மின்தூக்கியில் யார் கையில் கனமான பை இருக்கிறது, பொத்தானை யார் எட்ட முடியாமல் நிற்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். உணவங்காடியில் தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுகளுக்கு ஓர் அடுக்கும் மற்றவற்றுக்கு வேறோர் அடுக்கும் இருக்கும். "ஏன் ரெண்டு?" என்று குழந்தையையே கேளுங்கள். பன்றி இறைச்சி பட்ட தட்டோடு தங்கள் தட்டு கலக்கக்கூடாது என்பது முஸ்லிம் நண்பர்களுக்கு முக்கியம் என்று சொல்லி, சரியான அடுக்கில் குழந்தையின் கையாலேயே வைக்கச் செய்யுங்கள். சிங்கப்பூரில் தட்டைத் திருப்பி வைக்காதவர்கள் மீது உணவங்காடிகளில் 2021 செப்டம்பர் முதல் நடவடிக்கை எடுக்கப்படுகிறது. ஆனால் குழந்தையிடம் அபராதத்தைக் காரணமாகச் சொல்ல வேண்டாம். அடுத்து அந்த மேசைக்கு வருபவரைக் காட்டுங்கள்.

4. எந்த வீட்டுக்கும் பொருந்தும் கைப்பழக்கம்

விதிகளைப் பெருக்குவதற்குப் பதில், எல்லா வீட்டிலும் செல்லுபடியாகும் சிலவற்றைக் கையில் ஏற்றிவிடுங்கள்.

எதையும் இரண்டு கையால் வாங்கு, இரண்டு கையால் கொடு. நம் வீட்டில் இடக்கையால் கொடுப்பது குறை, மலாய் வீட்டிலும் அப்படியே. சீன வீட்டில் இரண்டு கையும் நீட்டுவதே மரியாதை. இரண்டு கையென்று பழகிவிட்டால் மூன்று வீட்டுக்கும் ஒரே பாடம் போதும். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கும் இது பெரிய ஆறுதல். எந்தக் கை என்று யோசித்துத் திணற வேண்டியதில்லை.

செருப்பைக் கழற்றி, முனை வெளியே பார்க்க ஓரமாக வை. மூன்று வயதில் இது தானாக வராது. வீட்டு வாசலில் காலடி வடிவத்தை அட்டையில் வரைந்து ஒட்டி, ஒரு வாரம் அதன் மேல் வைக்கச் சொன்னால் பழகிவிடும்.

யார் தலையையும் தொடாதே, யாரையும் யாருடைய சாப்பாட்டையும் தாண்டாதே. தரையில் பாய் விரித்து உட்காரும் வீடுகளில் குழந்தைகள் மறப்பது இதைத்தான்.

ஒருவரையோ ஒரு பொருளையோ சுட்டுவிரலால் காட்டாதே. மலாய்க்காரர்கள் மற்ற விரல்களை மடக்கி வலக்கைக் கட்டைவிரலால் காட்டுவார்கள். குழந்தைகளுக்கு இது விளையாட்டு மாதிரி பிடித்துப்போகும், சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

5. 'ங்க' எங்கே, 'ப்ளீஸ்' எங்கே

இந்தப் பகுதிக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள். நம் பிள்ளைகள் திட்டு வாங்குவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் தவறு செய்யாமலே.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் முடிவில் இருக்கிறது. "தண்ணி குடுங்க" என்றாலே பணிவு முழுமையாகிவிடும். 'தயவுசெய்து' என்பது பேருந்து அறிவிப்பில்தான், வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் அந்த 'ங்க' கிடையாது, பணிவு முழுவதையும் 'ப்ளீஸ்' என்ற தனிச்சொல்தான் சுமக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் குழந்தை பாலர் பள்ளியில் "கிவ் மீ வாட்டர்" என்று சொன்னால், அதன் மனத்தில் இருக்கும் 'ங்க' வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. ஆசிரியர் காதில் விழுவது வெறும் கட்டளை.

எதிர்ப்பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. ஆங்கிலமே அதிகம் பேசும் குழந்தை பாட்டியிடம் "நீ எங்கே போறே?" என்று கேட்கும். 'யூ' என்ற ஒரே சொல்லை எல்லோருக்கும் வைத்துப் பழகிய வாய் அது. இரண்டுமே திமிர் அல்ல, மொழிபெயர்ப்புப் பிழை. "மரியாதை தெரியாத பிள்ளை" என்று அதட்டினால் குழந்தைக்கு எதைத் திருத்துவதென்றே தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான். 'ங்க' ஒரு தொப்பி, 'ப்ளீஸ்' ஒரு தொப்பி, தமிழுக்கு ஒன்று ஆங்கிலத்துக்கு ஒன்று என்று சொல்லுங்கள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம், ஒரே வேண்டுகோளை இரண்டு மொழியிலும் கேட்கச் செய்யுங்கள். "பாட்டி, அந்த அப்பளம் குடுங்க." அதையே ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' சேர்த்து. இரண்டு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும்.

நன்றியும் இப்படித்தான். அம்மா சோறு போட்டால் நம் வீட்டில் யாரும் 'நன்றி' என்பதில்லை. சொன்னால் அந்நியமாகப் படும். வெளியே சொல்லாவிட்டால் குறை. "வீட்டில் நன்றியை முகத்தில் காட்டு, வெளியே வாயாலும் சொல்" என்று குழந்தைக்குப் பிரித்துச் சொல்லிவிடலாம். மலாய் வீட்டில் "தெரிமா காசி", சீன வீட்டில் "சியே சியே". உச்சரிப்பு கொஞ்சம் பிசகினாலும் அந்த வீட்டுப் பெரியவர் முகம் மலரும்.

நம் தலையசைப்பையும் மறக்க வேண்டாம். பக்கவாட்டில் ஆட்டினால் நமக்கு 'சரி', மற்றவர்களுக்கு 'ஒருவேளை இல்லையோ' என்று குழப்பம். வெளியாட்களிடம் 'ஆமாம்', 'இல்லை' என்று வாயால் சொல்லப் பழக்குங்கள்.

6. உறவுப்பெயரும் முகமன் சொல்லும்

சீன வீடுகளில் உள்ளே நுழைந்ததும் பெரியவர்களை ஒவ்வொருவராக அழைத்துவிட்டுத்தான் குழந்தை விளையாடப் போக வேண்டும். என்ன சொல்லி அழைப்பது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பாட்டியை ஒரு வீட்டில் 'ஆ மா' என்பார்கள், இன்னொரு வீட்டில் 'போ போ'. ஊகிக்காதீர்கள். முந்தைய நாளே அந்த வீட்டுக்காரரிடம் "என் பிள்ளை உங்கள் அம்மாவை என்னவென்று கூப்பிடட்டும்?" என்று கேட்டு வையுங்கள். இப்படிக் கேட்பதே அவர்களுக்கு மகிழ்ச்சி. மலாய் வீட்டில் நடுவயதினர் 'மாக்சிக்', 'பாக்சிக்', தாத்தா பாட்டி 'டத்தோ', 'நேனே' எனப் பல வழக்கம் உண்டு. அங்கும் கேட்டுக்கொள்வதே நல்லது.

மலாய்ப் பெரியவருக்குச் சலாம் கொடுக்கும்போது குழந்தை அவர் கையைத் தன் இரு கையாலும் பற்றி, குனிந்து, நெற்றியிலோ உதட்டிலோ வைக்கும். அடுத்தவரைத் தொடுவது பிடிக்காத குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அதன் உடம்பு அதனுடையது என்ற பாடமும் இதே வயதில்தான் பதிய வேண்டும். அதற்கு மாற்றாக நம்மிடமே அருமையான ஒன்று இருக்கிறது: கைகூப்பி வணக்கம். தொடாமல் செய்யும் முழு மரியாதை அது, எந்த வீட்டிலும் யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ஒளிந்துகொள்வதுதான் கூடாது, வணக்கமா சலாமா என்பது உன் விருப்பம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. ஒத்திகை

போகும் நாளுக்கு முன் மூன்று மாலை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் குழந்தைக்கு வெறுத்துவிடும்.

தேவையானவை: இரண்டு ஆரஞ்சு, ஒரு காகித உறை, ஒரு கிண்ணம், ஒரு ஜோடி சாப்ஸ்டிக், ஒரு பாய். முதல் நாள் வாசல் மட்டும்: மணி அடிப்பது, செருப்பு, முகமன், பழத்தை நீட்டுவது. இரண்டாம் நாள் சாப்பாடு. மூன்றாம் நாள் உறை வாங்குவதும் விடைபெறுவதும். ஒவ்வொரு நாளும் ஒரு முறை பெற்றோர் குழந்தையாகவும் குழந்தை வீட்டுக்காரராகவும் மாறி நடியுங்கள். வேண்டுமென்றே நீங்கள் ஒரு கையால் பிடுங்கி வாங்கினால் குழந்தை உங்களைத் திருத்தும். அப்படித் திருத்திய விதி அதற்கு மறப்பதில்லை.

ஒரு ரகசியச் சைகையும் பேசி வையுங்கள். குழந்தை உங்கள் கையை இரண்டு முறை அழுத்தினால் "எனக்குச் சிரமமா இருக்கு, வெளியே போகணும்" என்று பொருள். இது இருந்தால் விருந்து நடுவே அழுகை பாதியாகக் குறையும்.

8. வீடு வீடாக

நோன்புப் பெருநாள். கொண்டுபோவதற்குப் பழம்தான் மிகப் பாதுகாப்பு. கடைப்பண்டம் என்றால் ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள்: சிங்கப்பூரில் முயிஸ் அமைப்பும் மலேசியாவில் ஜாக்கிம் அமைப்பும் தருவது அது. வீட்டில் சுட்ட முறுக்கு கொண்டுபோக ஆசை இருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். "செலாமட் ஹரி ராயா" என்ற வாழ்த்தைக் குழந்தை நான்கு நாளில் பழகிவிடும். அன்று இளையவர்கள் பெரியவர்களின் கைபிடித்து மன்னிப்புக் கேட்பார்கள், சிலர் கண்கலங்குவார்கள். "ஏன் அழறாங்க?" என்று குழந்தை திகைக்கும். ஆண்டு முழுவதும் தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கும் நாள் இது என்று முன்பே சொல்லி வைத்தால் திகைப்பு இராது. பெரியவர்களைக் கடந்து போகும்போது லேசாகக் குனிந்து, வலக்கையைத் தாழ்த்தி நடக்கப் பழக்குங்கள். யாராவது தொழுதுகொண்டிருந்தால் அவர் முன்னால் ஓடக்கூடாது, தொழுகை விரிப்பை மிதிக்கக்கூடாது. வைத்த பலகாரத்தில் ஒரு துண்டாவது எடுத்து வாயில் போட்டால் வீட்டுக்காரருக்கு மனம் நிறையும்.

சீனப் புத்தாண்டு. மாண்டரின் ஆரஞ்சு இரண்டு, ஒற்றையாக அல்ல. குழந்தை இரு கையால் நீட்டி வாழ்த்துச் சொல்ல வேண்டும். கிளம்பும்போது வீட்டுக்காரர் பதிலுக்கு இரண்டு ஆரஞ்சு தருவார். "நாம குடுத்ததையே திருப்பிக் குடுக்கறாங்க" என்று குழந்தை முகம் சுண்டிப்போவது உண்டு. வளம் இரு வீட்டுக்கும் போகட்டும் என்று மாற்றிக்கொள்கிறார்கள் என்பதை ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் பணம் வைத்துத் தரும் சிவப்பு உறையான அங் பாவை அங்கேயே பிரிக்கக்கூடாது, எண்ணக்கூடாது, அடுத்த குழந்தையின் உறையோடு ஒப்பிடக்கூடாது. உறை வாங்கிய கையோடு பாக்கெட்டில் திணிக்காமல் அம்மாவிடம் கொடுப்பது என்று பழக்கினால் மூன்றும் ஒருசேர நடக்கும். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தக்கூடாது, இறந்தவர்களுக்கு ஏற்றும் ஊதுபத்தி போல் தோன்றும். நான்கு வயதுக்குக் கீழ் என்றால் கரண்டி கேட்டு வாங்குங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். லோ ஹெய், அதாவது புத்தாண்டில் எல்லோரும் சேர்ந்து காய்கறி, மீன் கலவையைக் கிளறும்போது மட்டும் உயரத் தூக்கிச் சிந்தலாம். மற்ற நாள்களில் திட்டு வாங்கும் காரியத்தை அன்று எல்லோரும் சேர்ந்து செய்கிறார்கள் என்பது குழந்தைக்குக் கொண்டாட்டம்.

பெரியவர்களுக்கு ஒரு குறிப்பு. நாம் மொய்யில் 11, 51, 101 என்று ஒற்றைப்படையாக வைப்பவர்கள். சீனர்களிடம் மங்கலத்துக்கு இரட்டைப்படைதான். ஒற்றைப்படைத் தொகை துக்க வீட்டை நினைவூட்டும். அடுத்த வீட்டுச் சீனப் பிள்ளைக்குத் தீபாவளி உறையில் 11 வெள்ளி வைக்காதீர்கள். 8 அல்லது 10 வையுங்கள், 4 வேண்டாம். கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்க வேண்டாம், சீன மொழியில் 'கடிகாரம் கொடுப்பது' என்ற தொடர் இறப்பவருக்குச் செய்யும் கடைசிக் கடமையைக் குறிக்கும் தொடரை ஒத்து ஒலிக்கும். ஏழு, எட்டு வயதுக் குழந்தையிடம் இந்த மொய்க் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். ஒரே அன்பு ஒரு வீட்டில் 101 ஆகவும் இன்னொரு வீட்டில் 100 ஆகவும் போகிறது என்பது அதற்குச் சட்டென்று புரியும்.

நம் வீட்டுக்கு அவர்கள் வரும்போது. போவதை விட இது கடினம், பலர் இதற்குத் தயார்ப்படுத்துவதே இல்லை. வாசல் கோலத்தை அடுத்த வீட்டுக் குழந்தை மிதித்துவிடும். நம் பிள்ளை "ஐயோ!" என்று கத்தக்கூடாது, கோலப்பொடி இருக்கிறது, பிறகு சேர்ந்து சரிசெய்யலாம். யாருக்கும் கேட்காமல் குங்குமம் வைக்கக்கூடாது. சாமிக்குப் படைத்ததை முஸ்லிம் விருந்தினருக்குச் சொல்லாமல் தரக்கூடாது. படைக்கும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிட்டால் சிக்கலே இல்லை. காரம் குறைத்த ஒரு பதார்த்தமும் கரண்டியும் தயாராக இருக்கட்டும். கையால் சாப்பிடத் தயங்கும் குழந்தையைப் பார்த்து நம் பிள்ளை சிரிக்காமலிருக்க வேண்டும். விரல் நுனியால் எப்படிப் பிசைவது என்று அதுவே செய்து காட்டினால் இன்னும் நல்லது.

9. எச்சிலும் மறுப்பும்

சாப்பாட்டு மேசையில் மோதல் வருவது இரண்டு இடத்தில்.

ஒன்று எச்சில். கடித்ததை நீட்டக்கூடாது, தம்ளரை அண்ணாந்து குடி, பரிமாறும் கரண்டி தட்டில் படக்கூடாது என்று நம் வீட்டில் பழக்கிய குழந்தை, சீன மேசையில் எல்லோரும் நடுவிலிருக்கும் ஒரே தட்டிலிருந்து எடுப்பதைப் பார்த்து "எச்சி!" என்று உரக்கச் சொல்லிவிடும். பல வீடுகளில் பொதுக் கரண்டி இருக்கும், சிலவற்றில் இராது. தன் சாப்ஸ்டிக்கால் நல்ல துண்டை எடுத்து விருந்தாளியின் கிண்ணத்தில் பாட்டி வைப்பது அங்கே அன்பின் உச்சம். குழந்தைக்கு அருவருப்பாக இருந்தால் சாப்பிட வேண்டியதில்லை. வாய்விட்டுச் சொல்லாமல், கிண்ணத்தில் அப்படியே விட்டுவிடலாம் என்று கற்றுக்கொடுங்கள்.

இரண்டு மறுப்பு. 'ச்சீ', 'உவ்வே', மூக்கைப் பிடிப்பது மூன்றும் எந்த வீட்டிலும் கூடாது. பதிலாக ஒரே ஒரு வாக்கியம் கொடுங்கள்: "எனக்கு இது பழக்கமில்லை, அது கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?" பின்பாதிதான் இதில் முக்கியம். மறுத்த கையோடு வேறொன்றை விரும்பிக் கேட்டால் வீட்டுக்காரரின் மனம் நோகாது. சைவக் குடும்பம், அல்லது மாட்டிறைச்சி உண்ணாத குடும்பம் என்றால் அதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர். மேசையில் உட்கார்ந்தபின் குழந்தை வாயால் அது வெளிவரக்கூடாது. கருணைத் தெய்வமான குவான் யின்னை வழிபடும் சீனர்கள் பலரும் மாட்டிறைச்சி உண்பதில்லை. அடுத்த வீட்டார் அப்படியென்றால் குழந்தைக்குச் சொல்லுங்கள், ஒரு பிடிப்பு வரும்.

பசியோடு கூட்டிப்போகாதீர்கள், பாதி வயிறு நிரப்பி அழைத்துப் போங்கள். மூன்று வயதுக்கு 40 நிமிடம், ஆறு வயதுக்கு ஒன்றே கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சங்கடங்கள் அதற்குப் பிறகுதான் நடக்கின்றன.

10. உரத்த கேள்வி

"அந்த ஆண்ட்டி ஏன் தலையில துணி போட்டிருக்காங்க?" மின்தூக்கியில், எல்லோரும் கேட்க. வாயைப் பொத்தி "ஷ்ஷ்" என்றால், தலைத்துணி என்பது பேசக்கூடாத அசிங்கம் என்று குழந்தை புரிந்துகொள்ளும். கேள்விக்கு ஒரு வரியில், இயல்பான குரலில், அங்கேயே பதில் சொல்லுங்கள்: "அது தூடோங். அவங்க சாமியை நினைச்சுப் போட்டுக்கறாங்க. பாட்டி விபூதி வைக்கற மாதிரி." அந்த அம்மாவைப் பார்த்து ஒரு புன்னகை. அநேகமாக அவரும் சிரித்து ஏதாவது சொல்வார்.

உடம்பின் குறை, பருமன், தோல்நிறம் பற்றிய கேள்வி என்றால் இடத்தில் ஒரு வரியோடு நிறுத்தி, மீதியை வீட்டில் பேசுங்கள். ஒருவரை வைத்துக்கொண்டே அவர் உடம்பை விளக்குவது அவருக்கு நோகும்.

11. பிழை நேர்ந்தால், கேலி நேர்ந்தால்

குழந்தை பிழை செய்தால் பிடரியில் கை வைத்து "சாரி சொல்லு" என்று தள்ளாதீர்கள். அது மன்னிப்பை விலை கொடுத்துத் தப்பிக்கும் வழியாக்கிவிடும். முதலில் என்ன ஆயிற்று என்று பார்க்க வையுங்கள், அடுத்து சரிசெய்யச் சொல்லுங்கள், சொல் கடைசியில். தேநீரைக் கொட்டினால் துணி கேட்டு வாங்கித் துடைத்துவிட்டு, பிறகு மன்னிப்பு. அந்த நேரத்தில் வார்த்தை வராவிட்டால் நீங்கள் சொல்லிவிடுங்கள். மறுநாள் வாழைப்பழம் நான்கு — சீன வீடென்றால் ஆறு — எடுத்துக்கொண்டு குழந்தையே போய்ச் சொல்லட்டும்.

யாராவது நம் குழந்தையின் நிறத்தையோ, எண்ணெய் வைத்த தலையையோ, சாப்பாட்டு வாசனையையோ கேலி செய்தால், "அவங்களுக்கும் நல்லா நடந்துக்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம். கனிவு என்பது வாங்கிக்கட்டிக்கொள்வதல்ல. "அப்படிச் சொல்லாதே, எனக்குப் பிடிக்கலை" என்று நேராக நின்று, அழுத்தமான குரலில் சொல்ல வீட்டில் பழக்குங்கள். மீண்டும் நடந்தால் ஆசிரியரிடம் சொல்வது கோள் சொல்வது ஆகாது என்பதையும் தெளிவாக்குங்கள். நம் பிள்ளையே கண்ணை இழுத்துக் காட்டிச் சீனக் குழந்தையைக் கேலி செய்தது தெரியவந்தால், அதே அளவு கண்டிப்போடு அதே நாளில் பேசுங்கள். "விளையாட்டுக்குத்தானே" என்று விடுவதை இன்னொரு குழந்தை அழுகையாக வீட்டுக்குச் சுமந்து போகிறது.

12. விடைபெறுவதும் அன்றிரவும்

நம் வீட்டில் 'போறேன்' என்று யாரும் கிளம்புவதில்லை; 'போயிட்டு வரேன்' என்போம். அடுத்த வீட்டிலும் அந்த மனத்தோடு, மூத்தவரிடம் முதலில், வீட்டுப் பிள்ளையிடம் கடைசியில் விடைபெறச் செய்யுங்கள். தன் செருப்போடு மற்றவர்களின் செருப்பையும் நேராக்கிவிட்டு வர ஆறு வயதுக் குழந்தையால் முடியும்.

அன்றிரவு படுக்கும்போது இரண்டே கேள்விகள். "அவங்க வீட்டுல உனக்குப் புதுசா எது இருந்துச்சு?" "அவங்க நம்ம வீட்டுக்கு வந்தா என்ன செஞ்சா அவங்களுக்கு வசதியா இருக்கும்?" நடந்த பிழைகளை அன்று எடுக்காதீர்கள். இரண்டாம் கேள்விக்குக் குழந்தை சொல்லும் பதிலை ஒரு தாளில் குறித்து, குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். "ஆ மாவுக்குத் தரையில உக்கார முடியாது, நாற்காலி வேணும்." தீபாவளிக்கு முந்தைய நாள் அந்தத் தாளை எடுத்து, நாற்காலியைக் குழந்தையே இழுத்துப்போடட்டும்.